பருவச் சக்கரத்தோடு விளையாடும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வாழும் வாசகர்கள் சிலர், திருமணத்தின் வழியாகவோ உறவின் வழியாகவோ பேகன் சமய நெறியோடு தொடர்புடையவர்கள். அந்தக் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுக்கு எத்தகைய விளையாட்டுகளையும் செயல்பாடுகளையும் அமைத்துத் தரலாம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். இயற்கையைப் புனிதமாகக் கருதுவதும், ஐரோப்பாவில் கிறித்தவம் பரவுவதற்கு முன்பிருந்த தெய்வங்களையும் பருவ விழாக்களையும் போற்றுவதும் இந்நெறியினர் பலருக்குப் பொதுவானவை. மந்திரச் சடங்குகளைக் கொண்ட விக்கா, பண்டைய பிரிட்டன், அயர்லாந்துப் பூசாரிகளின் பெயரைத் தாங்கிய ட்ருயிட் நெறி, வடநாட்டுத் தெய்வங்களை வணங்கும் ஆசாத்ரு எனப் பல பிரிவுகள் இதற்குள் அடங்கும்.

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர், ட்ருயிட் நெறியைப் பின்பற்றுபவர். எங்கள் பிள்ளைகளுக்கு வயது நான்கும் எட்டும். ஆண்டின் எட்டு விழாக்களையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். ஆனால் எங்குத் தேடினாலும் வண்ணம் தீட்டும் தாள்களும் குறுக்கெழுத்துப் புதிர்களுமே கிடைக்கின்றன. பிள்ளைகள் மகிழ்ந்து கற்கும்படி வேறு என்ன செய்யலாம்?
— வாசகி, லெஸ்டர்

பதில்: வண்ணத் தாளில் தவறு ஏதுமில்லை. எனினும் பருவத்தை வணங்கும் ஒரு சமயத்தைப் பருவத்தைப் பார்க்காமல் மேசையில் அமர்ந்து கற்பிப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. இந்தக் குடும்பங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, பிள்ளை தன் கண்ணால் பார்த்தும் கையால் அளந்தும் தெரிந்துகொள்ளும் விளையாட்டுகளையே. விழாவின் பெயரையும் தெய்வத்தின் கதையையும் அதற்குப் பிறகு சொன்னால், அவை பிள்ளை ஏற்கெனவே கண்டுபிடித்த ஒன்றுக்கான விளக்கமாக அமையும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி ஒன்றைத் தோட்டத்தில் செங்குத்தாக நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் உண்மையான நண்பகல் கோடைக் காலக் கடிகாரப்படி ஏறக்குறைய ஒரு மணிக்கு வரும் என்பதைப் பெரியவனே கண்டறியட்டும். நிழல் மிகக் குறுகியிருக்கும் கணமே நண்பகல் என்பதால் கடிகாரத்தின் துணைகூட வேண்டியதில்லை. லண்டனின் அட்சக் கோட்டில் அந்த நிழல் ஜூன் 21 அன்று ஏறக்குறைய 53 சென்டிமீட்டரும், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில் ஏறக்குறைய 1.26 மீட்டரும், டிசம்பர் 21 அன்று 3.7 மீட்டரும் இருக்கும். இன்னும் வடக்கே உள்ள லெஸ்டரில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகல், பகலும் இரவும் சமமான இரண்டு நாட்கள், இவற்றின் இடையே வரும் நான்கு நாட்கள் என அமைந்த எட்டு விழாக்களிலும் நிழலின் நுனியில் வண்ணக் கல் ஒன்றை வைத்துவந்தால், ஓராண்டில் பிள்ளைகள் தாங்களே அமைத்த ஒரு நாட்காட்டி தோட்டத்தில் இருக்கும். மேகம் மூடிய நாட்களுக்காக விழாவின் முன்னும் பின்னும் ஓரிரு நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் வானத்தை நம்பி ஒரே நாளைக் குறித்து வைத்தால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.

இந்த விளையாட்டு உங்களுக்கும் உதவும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. லண்டனிலோ கோடையில் பகல் 16 மணி 38 நிமிடம், குளிர்காலத்தில் 8 மணிக்கும் குறைவு. ஒளி திரும்பி வருவதை அந்நாட்டு மக்கள் ஏன் இவ்வளவு ஆவலோடு கொண்டாடுகிறார்கள் என்பதை நிழலின் நீளமே சொல்லிவிடும்.

மார்ச் மாதத்து ஓஸ்தாரா விழாவுக்கு முட்டை வண்ணமிடுதலை விட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கும் சாயத்துக்குப் பதிலாகச் சமையலறையில் சேரும் வெங்காயச் சருகைப் பயன்படுத்துங்கள். முட்டையின் மேல் ஒரு சிறு இலையை ஒட்ட வைத்து, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டி, சருகோடு வேகவைத்தால், செம்பழுப்பு ஓட்டில் இலையின் வடிவம் வெளிறிப் பதிந்திருக்கும். இலையின் அடியில் சாயம் ஏன் ஏறவில்லை என்ற கேள்வியை நான்கு வயதுப் பிள்ளையும் கேட்கும். பகலும் இரவும் சமமான அன்று மட்டுமே முட்டை நிமிர்ந்து நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதை அன்றும், அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பொறுமையிருந்தால் எந்த நாளிலும் நிற்கும். சொல்லப்பட்ட ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்னும் பழக்கம் எந்தச் சமயத்தில் வளரும் பிள்ளைக்கும் வேண்டியது.

மே முதல் நாளான பெல்டேனுக்கு நாடாக் கம்பம். குடை தாங்கும் கனமான அடிக்கட்டையில் ஒரு துடைப்பக் கழியை நிறுத்தி, அதன் உச்சியில் எட்டு நாடாக்களைக் கட்டலாம். நாடாவின் நீளம் கழியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றி, எதிரே வருபவரை ஒருமுறை உள்ளே விட்டும் அடுத்தவரை வெளியே விட்டும் சென்றால் கழியின் மேல் பின்னல் இறங்கும். எண்ணிக்கை ஏன் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், ஒருவர் தவறினால் பின்னலில் அது எங்கே தெரியும், எதிர்த்திசையில் சுற்றினால் முழுவதும் அவிழுமா என்று எட்டு வயதுப் பிள்ளை யோசித்துக்கொண்டேயிருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அழையுங்கள். இதற்கு எட்டுப் பேர் தேவை.

ஆகஸ்ட் முதல் நாளின் லாமாஸ் அறுவடை விழா, ரொட்டிக்கானது. கொழுப்பு மிகுந்த பாலேட்டை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் பாதியளவு ஊற்றி, கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்கினால் கால் மணி நேரத்தில் வெண்ணெய் திரளும். பிசைந்த மாவு உப்பும் வரை காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற வேலை அது. செப்டம்பரில் ஆப்பிளைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள்: விதையறைகள் ஐந்துமுனை விண்மீனாகத் தெரியும். பேகன் குடும்பங்களில் அந்த வடிவத்துக்குத் தனி மதிப்பு உண்டு. வெட்டுவதற்கு முன் உள்ளே என்ன வடிவம் இருக்கும் என்று ஊகித்து வரையச் சொல்வதுதான் இங்கே விளையாட்டு.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். இந்த எட்டு விழாக்களில் பலவற்றுக்குப் பழைய வேர்கள் இருந்தாலும், எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்த அமைப்பு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விக்காவைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர், ட்ருயிட் அமைப்பு ஒன்றை நிறுவிய ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரைச் சுற்றி உருவானது. லிதா (ஜூன்), ஓஸ்தாரா (மார்ச்), மேபன் (செப்டம்பர்) ஆகியவை விழாப் பெயர்களாக வழக்கில் வந்ததும் 1970களில்தான். நாடா பின்னும் கம்ப ஆட்டமும் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பிள்ளை கேட்டால் இதை அப்படியே சொல்லுங்கள். எது பழையது, எது புதியது என்று பெற்றோர் நேர்மையாகச் சொல்லும் வீட்டில் விழாவின் மதிப்பு குறைவதில்லை.

கேள்வி: எனக்கு 71 வயது, தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து மகனோடு வசிக்கிறேன். என் மருமகளின் குடும்பம் பேகன் நெறியினர். அக்டோபர் முடிவில் வரும் விழாவில் பேரனோடு நானும் சேர வேண்டும் என்கிறார்கள். இது சூனியம், சாத்தான் வழிபாடு என்று நண்பர் ஒருவர் அச்சுறுத்துகிறார். நான் என்ன செய்வது?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: ஐயா, தங்கள் நண்பரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. சாத்தான் என்பது கிறித்தவ மரபின் கருத்து; பேகன் நெறிகளில் அதற்கு இடமே இல்லை. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 74,000 பேர் தங்கள் சமயத்தைப் பேகன் என்றும், மேலும் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். ட்ருயிட் நெறியினரின் அமைப்பு ஒன்றுக்கு அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் 2010இல் சமய அறக்கட்டளையாக ஏற்பளித்தது.

தாங்கள் குறிப்பிடும் விழா சௌவின். பேகன் குடும்பங்கள் அன்று மறைந்த முன்னோரை நினைவுகூர்கின்றன. சிலர் மேசையில் இறந்தவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, தட்டில் உணவும் வைக்கிறார்கள். படையலிட்டுப் பழகிய தங்களுக்கு அந்த மேசை அந்நியமாக இராது. அதோடு, அன்றைய விளையாட்டுகளில் மிகச் சிறந்ததற்குத் தங்களைவிடத் தகுதியானவர் அந்த வீட்டில் வேறு யார் இருக்க முடியும்?

முன்னோர் அட்டை விளையாட்டைச் சொல்கிறேன். பேரனின் இருபக்க முன்னோரிலும் பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு அட்டைகள் செய்யுங்கள். ஒன்றில் அவருடைய படமோ பெயரோ இருக்கட்டும். மற்றொன்றில் அவர் வாழ்க்கையைக் காட்டும் ஒரு பொருளைப் பேரன் வரையட்டும். தங்கள் பாட்டனார் உழவரென்றால் ஏர், மருமகளின் கொள்ளுப்பாட்டி ஆலையில் நெய்தவர் என்றால் தறி. அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, இணை சேர்ப்பவர் அந்த முன்னோரைப் பற்றி ஒரு செய்தி சொன்னால்தான் அட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. செய்தி தெரியாத பேரன் தங்களிடம் கேட்பான். அவன் எழுத்தறிந்தவன் என்றால், தாங்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து ஆண்டுதோறும் அட்டைகளைப் பெருக்கிவரச் சொல்லுங்கள். சிறியவர்களோடு விளையாடும்போது, அண்மையில் இறந்தவருடைய அட்டையைச் சேர்ப்பதற்கு முன் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துயரம் ஆறாத வேளையில் அது பிள்ளைக்குப் பாரமாகலாம்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்த விழாவுக்குப் பூசணிக்காய்க்கு முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்தே விளக்குச் செய்தார்கள். அது கல்லைப் போல் கடினம். குடையும் வேலையைப் பெரியவர்கள் செய்து, முகம் வரையும் வேலையைப் பேரனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. கைவினை என்றாலே ஓடிவிடுகிறான். சங்கேத எழுத்துகளிலும் புதிர்களிலும் மட்டும் ஆர்வம். அவனுக்கு ஏதாவது உண்டா?
— வாசகி, பிரிஸ்டல்

பதில்: அவனுக்கென்றே ஒகம் எழுத்து இருக்கிறது. பண்டைய அயர்லாந்தில் கற்களில் பொறிக்கப்பட்ட இவ்வெழுத்து, ஒரு நேர்கோட்டையும் அதன் இருபுறமோ குறுக்கேயோ ஒன்று முதல் ஐந்து வரை வெட்டப்படும் கீறல்களையும் மட்டுமே கொண்டது. அடிப்படை எழுத்துகள் 20; ஐந்தைந்தாக நான்கு குழுக்கள். கீறல்கள் கோட்டின் ஒருபுறமா, மறுபுறமா, சாய்வாகக் குறுக்கே செல்கின்றனவா, நேராகக் குறுக்கே செல்கின்றனவா என்பதும், எத்தனை கீறல்கள் என்பதும் தெரிந்தால் எழுத்தைப் படித்துவிடலாம். ஏறக்குறைய நானூறு ஒகம் கல்வெட்டுகள் இன்று எஞ்சியுள்ளன. பெரும்பாலானவை அயர்லாந்தில், மற்றவற்றில் பல வேல்ஸில்.

ஒகம் அட்டவணை ஒன்றை அவனிடம் கொடுத்து, குச்சியில் செய்தி எழுதித் தோட்டத்தில் மறைத்து வைக்கும் புதையல் வேட்டையைத் தொடங்குங்கள். சில எழுத்துகளின் பெயர்கள் மரங்களின் பெயர்களே: முதலெழுத்து பிர்ச் மரம், தகர ஒலிக்கு ஓக், ககர ஒலிக்கு ஹேசல். எனவே அடுத்த குறிப்பு எந்த மரத்தின் அடியில் இருக்கிறது என்பதை எழுத்தே சொல்லும்படி வேட்டையை அமைக்கலாம். அப்போது அவன் அந்த மரங்களை அடையாளம் கண்டாக வேண்டும். குளிர்காலத்தில் இலையே இராது என்பதால் மொட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆஷ் மரத்தின் மொட்டு கரிய நிறம். ஓக் மரத்தில் கிளை நுனியில் மொட்டுகள் கொத்தாக இருக்கும். குதிரைக் கஷ்கொட்டையின் மொட்டு விரலில் ஒட்டும். ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012 முதல் காணப்படுகிறது. தான் தேடிய மரம் நோயுற்றிருப்பதைக் காணும் பிள்ளை, புனிதம் என்று பெரியவர்கள் சொல்லும் ஒன்றுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒகம் எழுத்தை வைத்துப் பதின்மூன்று மாத மர நாட்காட்டி ஒன்று பல இடங்களில் பழைய கெல்டிய மரபாகச் சொல்லப்படுகிறது. அது 20ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் ஆக்கம். மகன் அதைக் கண்டெடுத்து வந்தால் தடுக்க வேண்டாம்; அதன் வயதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்துள்ளோம். இங்கே டிசம்பரில் கொளுத்தும் வெயிலில் குளிர்கால விழாவைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?
— வாசகர், மெல்பர்ன்

பதில்: ஆஸ்திரேலியப் பேகன் குடும்பங்களில் பல, சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிக்கொள்கின்றன. குளிர்கால விழாவான யூல் ஜூனில், சௌவின் ஏப்ரல் இறுதியில், பெல்டேன் அக்டோபர் இறுதியில். சிலர் வலமாகச் சுற்றும் வட்டத்தையும் இடமாக மாற்றிக்கொள்வார்கள், ஏனெனில் அங்கே கதிரவன் வடக்கு வானத்தின் வழியாகச் செல்கிறான். இந்தக் குழப்பத்தையே விளையாட்டாக்குங்கள். கெட்டி அட்டையில் இரண்டு வட்டங்களை வெட்டி, ஒன்றில் மாதங்களையும் மற்றொன்றில் விழாக்களையும் எழுதி நடுவே ஊசியால் கோத்தால், வட்டத்தைப் பாதி திருப்பும்போது லண்டன் மெல்பர்னாக மாறும். ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் மேசை விளக்கையும் வைத்து அது ஏன் என்று காட்டிவிடலாம்.

பிறை நாட்குறிப்பும் எழுதச் சொல்லுங்கள். வளர்பிறையின் ஒளிப்பக்கம் பிரிட்டனில் வலப்புறம், மெல்பர்னில் இடப்புறம், சென்னையில் அது பெரும்பாலும் படகு போலப் படுத்திருக்கும். உறவினர் பிள்ளைகள் மூன்று ஊர்களிலும் இருந்தால், ஒரே மாலையில் அவரவர் வரைந்த பிறையை ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடப் பூமி உருண்டை என்பதற்குச் சிறந்த பாடம் ஏது?

மேலும், இங்கிலாந்தின் பனித்துளிப் பூவைக் காகிதத்தில் செய்து ஒட்டுவதைவிட, ஆகஸ்டில் உங்கள் தெருவிலேயே மஞ்சளாகப் பூக்கும் வாட்டில் மரத்தைத் தேடிச் செல்வது மேல். மெல்பர்ன் நிலத்தின் தொல்குடிகளான குலின் மக்கள் ஆண்டை ஏழு பருவங்களாகக் காண்கிறார்கள். விலாங்கு மீன் பருவம், வொம்பாட் பருவம், தலைப்பிரட்டைப் பருவம் என்பவை அவற்றுள் சில. அவற்றின் அடையாளங்களைப் பிள்ளைகளோடு கவனியுங்கள். ஆனால் அம்மக்களின் சடங்குகளை உங்கள் விழாவுக்குள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை அவர்களுக்கு உரியவை.

கேள்வி: டப்ளினில் இருக்கிறோம். மிகக் குறுகிய பகலையொட்டிய டிசம்பர் விடியலில் நியூகிரேஞ்ச் என்னும் பண்டைய கல்லறை மேட்டுக்குள் செல்ல இடம் கிடைக்கவில்லை. ஆறு வயது மகள் மிகவும் வருந்துகிறாள்.
— வாசகி, டப்ளின்

பதில்: உள்ளே செல்வோரைக் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், இடம் கிடைப்பவர் மிகச் சிலர். ஒரு காலணிப் பெட்டியில் நியூகிரேஞ்சையே கட்டச் சொல்லுங்கள். கி.மு. 3200 வாக்கில் எழுப்பப்பட்ட அந்த மேட்டில் 19 மீட்டர் நீளமுள்ள வழிநடையும், வாயிலுக்கு மேலே ஒளி நுழையும் தனித் துளையும் உண்டு. டிசம்பர் விடியலில் 17 நிமிடங்கள் கதிரொளி உள்ளறை வரை சென்று நிற்கும். மகள் பெட்டியின் கதவுக்கு மேலே துளையிட்டு, கைவிளக்கை எந்த உயரத்தில் பிடித்தால் ஒளி பின்சுவரைத் தொடுகிறது என்று தேடட்டும். வழிநடை மேல்நோக்கிச் சரிந்திருப்பதால் வாயில் வழியே வரும் ஒளி உள்ளறையை எட்டாது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டியவர்கள் எதிர்கொண்ட சிக்கலை அவளும் எதிர்கொள்வாள். பிப்ரவரி முதல் நாளின் இம்போல்க் விழாவுக்குக் கோரைத் தண்டுகளால் பிரிகிட் (பேகன் நெறியினருக்குத் தெய்வம், கிறித்தவருக்குப் புனிதர்) பெயரிலான சிலுவை பின்னவும் கற்றுக்கொடுங்கள். அயர்லாந்துப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் இதைப் பின்னுவதால் அவளுக்கு நிறையத் துணை கிடைக்கும்.

கேள்வி: பள்ளியில் என் மகளை மற்ற பிள்ளைகள் சூனியக்காரி என்று கேலி செய்கிறார்கள். வீட்டில் நடப்பதை வெளியே சொல்லாதே என்று சொல்லிவிடலாமா?
— வாசகி, கார்டிஃப்

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மறைக்கச் சொன்னால், வீட்டில் நடப்பது வெட்கத்துக்குரியது என்றே அவள் எடுத்துக்கொள்வாள். யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவள் விருப்பம் என்று கற்றுக்கொடுப்பதே நல்லது. இதற்கு வேடமிட்டு நடிக்கும் விளையாட்டு உதவும். நீங்கள் வகுப்புத் தோழியாகி, "நீங்கள் மந்திரம் போடுவீர்களா?" என்று கேளுங்கள், அவள் தனக்கு இயல்பாக வரும் விடையைச் சொல்லிப் பார்க்கட்டும். "நாங்கள் பருவங்களைக் கொண்டாடுகிறோம், போன வாரம் ரொட்டி சுட்டோம்" என்பது போன்ற சிறிய, உண்மையான விடை போதும். பிறகு இடம் மாறி, கேலி செய்பவராக அவளும் நடிக்கட்டும். கேலி தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். சமயத்தை வைத்துத் துன்புறுத்துவதைப் பள்ளி அலட்சியப்படுத்தக் கூடாது. பேகன் பெற்றோர் பலர், வளர்ந்தபின் பிள்ளையே தன் நெறியைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று கருதுபவர்கள். அதையும் மகளிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் மந்திரக்கோல் செய்ய ஆசைப்படுகிறார்கள். கத்தி தரலாமா? காட்டில் பறிக்கும் காய்கனிகளைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.
— வாசகர், யார்க்

பதில்: கத்தி வேண்டாம். புதிதாக வெட்டிய ஹேசல் குச்சியை உருளைக்கிழங்கு தோல் சீவியாலேயே சீவலாம். குச்சியைப் பிடிக்கும் கையில் கையுறை இருக்க வேண்டும், சீவும் கை எப்போதும் உடலுக்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன் மரத்திடம் கேட்டுக்கொள்வது இக்குடும்பங்களின் வழக்கம். நிலத்தின் உரிமையாளரிடமும் கேட்க வேண்டும் என்பதைச் சேர்த்துக் கற்பியுங்கள். மரக்கிளையில் வேண்டுதல் துணி கட்டுவதாக இருந்தால் மட்கும் பருத்தி நூலை மட்டும் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் நாடா கிளையை இறுக்கிக் கொன்றுவிடும். சிறியவர்களின் வழிபாட்டு மேடையில் மெழுகுவர்த்திக்குப் பதில் மின்கல விளக்கு இருக்கட்டும்.

பெரியவர் பெயர் சொல்லி அனுமதிக்காத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது என்பது விலக்கில்லாத விதி. யூ (yew) மரம், நரிக்கையுறைச் செடி (foxglove), வேலியோரம் செந்நிறக் கொத்தாகக் காய்க்கும் ஆரம் (arum) செடி ஆகிய மூன்றும் நஞ்சு. இவற்றின் படங்களை அட்டைகளாக்கி, நடைக்குப் புறப்படும் முன் பிள்ளைகள் அடையாளம் சொன்ன பிறகே கதவைத் திறங்கள். குதிரைக் கஷ்கொட்டையின் விதை நூலில் கோத்து மோதி விளையாடுவதற்கு மட்டுமே, தின்பதற்கு அன்று. பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு, செடியின் துண்டு ஒன்றையும் கையோடு கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள்.